ஷஹீத் என்று சொல்லும் முன்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி 26ஆம் நாள் காலை, எங்கள் ஊர் மதரஸாவில் கொடியேற்றம் முடிந்ததும் வழக்கம்போல் என்னைப் பேசச் சொன்னார்கள். இத்தகைய நாட்களுக்கென்றே என்னிடம் ஒரு பேச்சு உண்டு. 1948ல் காஷ்மீர்ப் போரின்போது ஜங்கர் என்னுமிடத்தில் குண்டுக்கு இரையான பிரிகேடியர் முஹம்மது உஸ்மான், 1965 செப்டம்பரில் கேம்கரன் பகுதியில் பாட்டன் டாங்கிகளைத் தகர்த்துவிட்டு உயிர்நீத்த அப்துல் ஹமீத், 1999 கார்கில் போரில் மாண்ட கேப்டன் ஹனீஃபுத்தீன் என்று பெயர்களை வரிசையாகச் சொல்லி, இவர்களெல்லாம் இந்த மண்ணுக்காக இரத்தம் சிந்திய ஷஹீதுகள், எங்கள் விசுவாசத்துக்கு இன்னும் என்ன சாட்சி வேண்டும் என்று குரலை உயர்த்தி முடிப்பேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அன்றும் தட்டினார்கள்.

தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், திரைக்கு அப்பால் பெண்கள் பகுதியிலிருந்து ஒரு சிறுமி ஓடிவந்து, ஒரு பெரியம்மா மஸ்அலா கேட்கக் காத்திருப்பதாகச் சொன்னாள். போனேன். ஊரில் எல்லோரும் அறிந்த தாய் அவர். பட்டாளத்தில் இருந்த அவருடைய இளைய மகன் எல்லையில் மௌத்தாகி அப்போது ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. இருபத்து மூன்று வயதுப் பிள்ளை.

"ஆலிம்சா, எம் புள்ளய எல்லாரும் ஷஹீதுங்குறாக. நீங்களும் ஜனாஸா அன்னைக்கிச் சொன்னீக. ஷஹீதாப் போனா கடனும் மன்னிப்பாயிருமா?"

"என்ன கடன் உம்மா?"

"அவன் லாத்தா கல்யாணத்துக்கு லீவுல வந்தப்ப, கடைவீதித் தையக்காரர்ட்ட சட்டையும் கோட்டும் தைச்சான். ரெண்டாயிரத்து எண்ணூறு ரூவா பாக்கி. அடுத்த லீவுல தாரேன்னுட்டுப் போனான். அவரு கேக்கல. நாந்தான் கேக்குறேன். ஷஹீதுக்கு எல்லாம் மன்னிப்பு, நீ ஏன் பொலம்புறேன்னு வீட்டுல சொல்றாக."

கிதாபைப் பார்த்து நாளை சொல்கிறேன் என்று கூறிவிட்டு வந்தேன். அது வெறும் சாக்கு. மதரஸாவில் மூன்றாண்டு ஓதிய பிள்ளைக்குக்கூடத் தெரிந்த மஸ்அலா அது. அல்லாஹ்வின் பாதையில் கொல்லப்பட்டவனின் பாவங்கள் யாவும் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நான் தடுமாறியதற்குக் காரணம் வேறு. நான் அரை மணி நேரம் உரக்கச் சொன்ன எந்தப் பெயரும் அந்தத் தாயின் காதில் ஏறவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது தம் மகனுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே உள்ள கணக்கு. எனக்கு வேண்டியிருந்தது அந்த மகனின் பெயர். எந்த அதிகாரத்தில் அவனை நான் ஷஹீத் என்று தீர்ப்பெழுதினேன்? அந்தத் தீர்ப்பால் யாருக்கு என்ன பயன்? அன்று இரவு உறக்கம் வரவில்லை.

வாசகர்களே, நம் ஹதீஸ் நூல்களில் எங்கிருந்தோ வந்த இரண்டு அம்புகளைப் பற்றிய செய்திகள் இருக்கின்றன. எய்தவர் யாரென்று தெரியாத அம்புகள். அவற்றைச் சேர்த்து வைத்துப் படித்தால் நெஞ்சு நடுங்கும்.

முதல் அம்பு பத்ருப் போரில் வந்தது. ஹாரிஸா பின் சுராக்கா (ரலி) என்னும் வயதில் இளையவரை அது மாய்த்தது. அவர் போரிடுவதற்காக அன்றி நோட்டம் பார்ப்பதற்காகவே வந்திருந்தார் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. அவருடைய தாயார், அனஸ் (ரலி) அவர்களின் தந்தைக்குச் சகோதரி முறையானவர், நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். ஹாரிஸா எனக்கு எவ்வளவு அருமையானவன் என்பது தங்களுக்குத் தெரியும், அவன் சுவனத்தில் இருந்தால் பொறுத்துக்கொள்வேன், வேறெங்கும் இருந்தால் நான் அழும் அழுகையைத் தாங்கள் பார்ப்பீர்கள் என்ற கருத்தில் முறையிட்டார். சுவனம் ஒன்றல்ல, பல சுவனங்கள் உள்ளன, உம் மகன் அவற்றில் மிக உயர்ந்த ஃபிர்தவ்ஸில் இருக்கிறார் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் ஆறுதல் சொன்னார்கள்.

இரண்டாவது அம்பு கைபர் போரை முடித்துத் திரும்பும் வழியில், வாதில் குரா என்னுமிடத்தில் வந்தது. மித்அம் என்னும் அடிமை, நாயகம் (ஸல்) அவர்களுடைய ஒட்டகத்தின் சேணத்தை இறக்கிக்கொண்டிருந்தபோது அது தைத்து மாண்டார். அண்ணலாருக்கே ஊழியம் செய்துகொண்டிருந்த நிலையில் மரணம்! சுற்றி நின்ற ஸஹாபாக்கள், ஷஹாதத் கிடைத்த இவருக்கு நற்பேறு என்றார்கள். அப்படியல்ல என்று அண்ணலார் மறுத்தார்கள். கைபரில் கிடைத்த பொருட்கள் பங்கிடப்படுமுன் அவர் எடுத்துக்கொண்ட போர்வை அவர்மீது நெருப்பாக எரிகிறது என்று சத்தியமிட்டுச் சொன்னார்கள். இதைக் கேட்ட ஒருவர் தாம் எடுத்து வைத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

கண்ணால் பார்த்தவர்களுக்கு இரண்டு மரணமும் ஒன்றுதான். அதே சேனை, அதே மாதிரி அம்பு, அதே இரத்தம். ஒருவர் ஃபிர்தவ்ஸில், மற்றவர்மீது நெருப்புப் போர்வை. இந்த வேறுபாட்டைச் சொன்னவர்கள் வஹீ வந்த நாவை உடையவர்கள். நமக்கு எந்த வஹீ வந்தது? புகாரி இமாம் அவர்கள், இன்னார் ஷஹீத் என்று ஒருவர் சொல்லலாகாது என்ற கருத்தில் தம் நூலில் ஒரு பாடத்துக்கே தலைப்பிட்டிருக்கிறார்கள். உமர் (ரலி) அவர்களும் ஒரு குத்பாவில், போரில் இறந்தவரையெல்லாம் பெயர் சொல்லி ஷஹீத் என்று கூறும் வழக்கத்தைக் கண்டித்தார்கள். போர்க்களத்தில்கூட அன்றி வீட்டிலே நோயுற்று மௌத்தான உஸ்மான் பின் மழ்ஊன் (ரலி) அவர்களைப் பார்த்து, அவருக்குப் பணிவிடை செய்த அன்ஸாரிப் பெண்மணி, அல்லாஹ் உங்களைக் கண்ணியப்படுத்திவிட்டான் என்று சாட்சி சொன்னபோது, அது உமக்கு எப்படித் தெரியும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அவருக்கு நன்மையையே ஆதரவு வைப்பதாக அவர்கள் கூறினார்கள். ஆதரவு வைப்பது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு.

இங்கே ஒரு சந்தேகம் எழும். ஃபிக்ஹு நூல்களில் ஷஹீத் என்ற சொல் தாராளமாக வருகிறதே, ஷஹீதைக் குளிப்பாட்டுவதில்லை, இரத்தம் தோய்ந்த உடையிலேயே அடக்குவது, ஷாஃபிஈ மத்ஹபில் ஜனாஸாத் தொழுகை இல்லை, ஹனஃபி மத்ஹபில் உண்டு என்றெல்லாம் சட்டங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை உலகில் நாம் செய்யவேண்டிய காரியத்துக்கான சட்டங்கள். அதனால்தான் ஃபுகஹாக்கள், உலகச் சட்டத்தில் மட்டும் ஷஹீத், மறுமையில் மட்டும் ஷஹீத், இரண்டிலும் ஷஹீத் என்று பிரித்தே வைத்தார்கள். குளிப்பாட்டுவதா வேண்டாமா என்பது நம் கையில். மற்றது நம் கையில் இல்லை.

மகனை இழந்தவளிடம் இப்படிக் கணக்குப் பேசலாமா, ஒரு வார்த்தை ஆறுதலைக்கூடக் கஞ்சத்தனமாகவா கொடுப்பது என்று என் மனைவியே என்னைக் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் யோசித்துப் பார்த்ததில், தீர்ப்புச் சொல்லிவிடுவதுதான் கஞ்சத்தனம் என்று பட்டது. அவன் ஷஹீத், சுவனத்தில் இருக்கிறான், முடிந்தது என்று சொல்லிவிட்டால் நமக்கு அவன் விஷயத்தில் எந்த வேலையும் மிச்சமில்லை. துஆ எதற்கு? கடன் எதற்கு? அவன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பது யார் வேலை? ஒரு சொல்லில் கை கழுவிவிடுகிறோம். யா அல்லாஹ், இவனை ஷஹீதாக ஏற்றுக்கொள் என்று கேட்பவன் நாளையும் கேட்கவேண்டும், மறுநாளும் கேட்கவேண்டும். அந்தத் தாய் ஓராண்டாக உறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். மேடையில் முழங்கிய நான் ஒரு நாளும் தனியே உட்கார்ந்து அவனுக்காகக் கேட்டதில்லை.

நான் பெயர் மட்டும் சொல்லிவந்த ஹனீஃபுத்தீனைப் பற்றிப் படித்ததும் அதன் பிறகுதான்.

டில்லியில் வளர்ந்தவர் அவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். தாயார் இந்துஸ்தானி சங்கீதம் பாடுபவர். மகனும் நன்றாகப் பாடுவாராம். 1997 ஜூனில் இராணுவ அதிகாரியானார். சரியாக இரண்டு ஆண்டுதான். 1999 ஜூன் 6ஆம் நாள், லடாக்கில் துர்துக் பகுதியில், 18,000 அடிக்கு மேற்பட்ட பனிமலையில், ராஜபுதன ரைஃபிள்ஸ் 11ஆம் படைப்பிரிவின் சிறு குழுவை நடத்திச் சென்றபோது எதிரித் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். இருபத்தைந்து வயது நிறையவில்லை. வீர சக்ரா விருது பின்னர் அளிக்கப்பட்டது. அந்த எல்லைப் பகுதிக்கு இராணுவத்தார் ஹனீஃப் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் உடல் விழுந்த இடம் எதிரியின் துப்பாக்கிக்கு நேரே இருந்தது. எடுக்கப் போகிறவன் திரும்புவது நிச்சயமில்லை. 40 நாட்களுக்கும் மேல் அந்த உடல் பனியில் கிடந்தது. நம் ஊர்களில் நாற்பதாம் பாத்திஹா ஓதி, சோறு கொடுத்து, பந்தலையும் பிரித்துவிடுகிற காலம்! அதுவரை டில்லியில் ஒரு தாய், அடக்குவதற்கு மையித் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அப்போதைய இராணுவத் தளபதி ஜெனரல் மாலிக் அவரைச் சந்தித்து, உடலைக் கொண்டுவர இயலாத நிலையைச் சொன்னபோது, தம் மகனின் உடலை எடுப்பதற்காக இன்னொரு சிப்பாயின் உயிர் ஆபத்துக்குள்ளாவதைத் தாம் விரும்பவில்லை என்று அந்தத் தாய் கூறிவிட்டார். போர் முடிந்தபின் மகன் விழுந்த இடத்தைப் போய்ப் பார்க்க மட்டும் விரும்பினார்.

இதை நம் பெண்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கவேண்டும். மையித்தைக் கடைசியாக ஒரு முறை முகம் பார்ப்பது என்பது நமக்கு எவ்வளவு பெரிய காரியம்! வெளிநாட்டில் மௌத்தானவரின் பெட்டி வருவதற்காக எத்தனை நாள் வாசலிலேயே கிடக்கிறோம். உஹதுப் போர் முடிந்தபோதும் இதே தவிப்பு இருந்தது. ஜாபிர் (ரலி) அவர்களின் மாமி, அதாவது தந்தையின் உடன்பிறந்தவர், தம் சகோதரர் அப்துல்லாஹ்வின் உடலை மதீனாவில் குடும்பத்து மையவாடியில் அடக்குவதற்காகக் கொண்டுபோனார். கொல்லப்பட்டவர்களை அவர்கள் விழுந்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று அறிவிப்பாளர் கூவினார். திருப்பிக் கொண்டு சென்றார்கள். ஒரு கபுரில் இருவரை, அம்ரு பின் ஜமூஹ் (ரலி) அவர்களுடன் சேர்த்து அடக்கினார்கள். ஆயினும் ஜாபிர் அவர்களுக்கு மனம் ஆறவில்லை. ஆறு மாதம் கழித்துத் தம் தந்தையை மட்டும் எடுத்துத் தனிக் கபுரில் அடக்கினார்கள். ஸஹாபி ஒருவருக்கே மனம் கேட்கவில்லை என்றால், டில்லித் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் அவருடைய தவிப்புக்கு இன்னொரு தாயின் பிள்ளை விலையாக வேண்டியிருந்தது. அந்த விலையைக் கொடுக்க அவர் மறுத்தார். அந்த இன்னொரு பிள்ளையின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அவன் எந்த மதத்தவன், எந்த மொழிக்காரன் என்றும் தெரியாது.

மாண்டவனின் பெயரால் இன்னும் பல உயிரைக் கேட்பதுதான் உலக வழக்கம். பழிக்குப் பழி என்று ஊர் கொதிக்கும். அவருடைய வாயிலிருந்து அது வரவில்லை.

துர்துக் என்ற அந்த ஊரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஷையோக் ஆற்றின் கரையில் பால்டி மொழி பேசும் முஸ்லிம்கள் வாழும் ஊர் அது. 1971 டிசம்பர்ப் போர் வரை பாகிஸ்தான் வசம் இருந்தது. போரின் முடிவில் கோடு நகர்ந்தது, ஊர் இந்தியாவுக்குள் வந்தது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கமாகப் பிரிந்துபோன குடும்பங்கள் அங்கே உண்டு. 1999ல் அந்தக் கோட்டின் இரு பக்கமும் மாண்டவர்களில் கலிமாச் சொன்னவர்கள் இருந்தார்கள். இரு பக்கத்துப் பத்திரிகைகளும் தங்களவரை ஷஹீத் என்றே எழுதின. சொல்லும் ஒன்றே, எழுத்தும் ஒன்றே.

அதிலும் ஒரு கொடுமை நடந்தது. மலைமேல் இருப்பவர்கள் தம் இராணுவத்தார் அல்லர், முஜாஹிதுகள் என்று பாகிஸ்தான் அரசு அப்போது சொல்லிவந்தது. ஆகவே, மாண்ட தன் வீரர்கள் பலரின் உடலை ஏற்றுக்கொள்ள அது முன்வரவில்லை. இந்தியச் சிப்பாய்களே அவர்களை அந்த மலையில் இஸ்லாமிய முறைப்படி அடக்கினார்கள். 2010ல்தான் பாகிஸ்தான் இராணுவம், அந்தப் போரில் மாண்ட 453 பேரின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. இந்தியத் தரப்பில் மாண்டவர் 527 பேர் என்பது அரசுக் கணக்கு. பதினோரு ஆண்டுகள் தன் மகன் எங்கே, எதற்காக மாண்டான் என்று வெளிப்படையாகச் சொல்ல முடியாமல் அந்தப் பக்கத்துத் தாய்மார்கள் இருந்திருக்கிறார்கள். வாயாரப் புகழ்ந்த சொல் ஒன்று, ஊரறிய ஏற்றுக்கொள்ள மறுத்த உடல் ஒன்று.

இதற்கிடையே நடந்த ஒரு செயல் எனக்கு ஒரு விளக்கத்தைத் தந்தது. டைகர் ஹில் போரில் மாண்ட பாகிஸ்தான் அதிகாரி கேப்டன் கர்னல் ஷேர் கானின் (கர்னல் என்பது பதவியல்ல, பெயரே அதுதான்) உடலைத் திருப்பி அனுப்பியபோது, அவரை எதிர்த்துப் போரிட்ட படையின் இந்தியத் தளபதி பிரிகேடியர் பாஜ்வா, இவர் மிகத் துணிவுடன் போரிட்டார், இவருக்குரிய மதிப்பைக் கொடுங்கள் என்ற கருத்தில் ஒரு சீட்டு எழுதி அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார். பின்னர் அந்த நாட்டின் மிக உயர்ந்த விருது அவருக்குக் கிடைத்தது. அந்தச் சீட்டில் சுவனம், நரகம் என்ற பேச்சு இல்லை. எந்த நாட்டின் பக்கம் நீதி என்ற பேச்சும் இல்லை. தன் கண்ணால் பார்த்தது மட்டும் இருந்தது.

ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது ஸஹாபாக்கள் அதைப் புகழ்ந்து பேச, பூமியில் நீங்கள் அல்லாஹ்வின் சாட்சிகள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் நமக்குத் தெரியும். சாட்சி என்பவன் பார்த்ததைச் சொல்பவன். நீதிபதியின் ஆசனத்தில் அவன் ஏறி உட்காருவதில்லை. நம் ஊர்ப் பிள்ளையைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? சம்பளத்தில் பாதியை மாதம் தவறாமல் தாய்க்கு அனுப்பினான். லீவில் வந்தால் ஃபஜ்ருக்கு முதல் ஆளாக வருவான். கொஞ்சம் முன்கோபம் உண்டு. கொடுத்த வாக்கை விட்டு ஓடிவிடவில்லை. இவ்வளவுதான் நம் சாட்சி. இதுவே பெரிது.

கலிமாச் சொன்னவர்கள் இரு பக்கமும் நின்று மோதினால் என்னவென்று கேட்பீர்கள். அது சாதாரண விஷயமல்ல. அதைப் பற்றி வந்துள்ள எச்சரிக்கை ஹதீஸ்கள் கடுமையானவை. நாடுகளின் நியாய அநியாயங்களை இந்தப் பக்கங்களில் நான் அளக்கப் போவதில்லை. ஆனால் நம் முன்னோரிலேயே பெரியவர்கள் எதிரெதிரே நின்ற ஜமல் போர் முடிந்ததும் அலீ (ரலி) அவர்கள் இரு தரப்பில் மாண்டவர்களுக்கும் தொழுகை நடத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எதிர்த்து நின்ற தல்ஹா, ஸுபைர் (ரலி) இருவரோடும் தாமும், நெஞ்சிலுள்ள குரோதம் நீக்கப்பட்டுச் சுவனத்தில் சகோதரர்களாக எதிரெதிரே அமர்வோரில் ஒருவராக இருக்க ஆதரவு வைப்பதாகவும் சொன்னார்கள். அங்கேயும் ஆதரவுதான், கவனியுங்கள்.

இப்போது என் பேச்சுக்கு வருகிறேன். நானும் என் போன்றவர்களும் ஏன் இந்தப் பெயர்களை மேடைதோறும் அடுக்குகிறோம்? காரணம் எல்லோருக்கும் தெரியும். எங்கோ ஒருவன் நம்மை அந்நியன் என்று ஏசுகிறான். உடனே நாம் பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டுவதுபோல் மாண்ட பிள்ளைகளின் பெயரை நீட்டுகிறோம். வலியில் செய்கிறோம், அதனால் முழுக் குற்றம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இருபத்து மூன்று வயதில், இருபத்து நான்கு வயதில் மண்ணுக்குள் போனவன் நம் வாடகை பாக்கிக்கு ரசீதா? பிறந்த மண்ணில் வாழ எனக்கு உரிமை உண்டு என்பதற்கு அவன் இரத்தம் எதற்குச் சாட்சியாக வரவேண்டும்? பிரிகேடியர் உஸ்மானின் கபுரு டில்லியில் ஜாமிஆ மில்லியா பக்கத்தில் இருக்கிறது. 2020 டிசம்பரில் அது உடைந்து கிடந்த செய்தி படத்தோடு வந்தது. பிறகு இராணுவத்தார்தான் சீர் செய்தார்கள். எத்தனை ஆயிரம் மேடையில் அவர் பெயர் சொல்லப்பட்டிருக்கும்! மையவாடிக்குப் போய் ஸலாம் சொன்னவர் எத்தனை பேர்?

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் பெருஞ்செல்வராக இருந்த காலத்தில் ஒரு நாள் நோன்பு வைத்திருந்தார்கள். உணவு கொண்டுவந்து வைக்கப்பட்டது. அப்போது உஹதில் கொடி பிடித்து மாண்ட முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்கள் நினைவு வந்துவிட்டது. மக்காவில் செல்வச் செழிப்பில் வளர்ந்த அந்த இளைஞருக்குக் கபனிட ஒரே ஒரு துணிதான் இருந்தது. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. அவர் என்னைவிடச் சிறந்தவர், அவருக்குக் கிடைத்தது அவ்வளவு, நமக்கோ உலகம் இப்படி விரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டதே, நம் நன்மைகளின் கூலி இங்கேயே தரப்பட்டுவிட்டதோ என்று அஞ்சி அழுதார்கள். உணவைத் தொடவில்லை. அவர்களும் நினைத்தார்கள், நாமும் நினைக்கிறோம். அவர்களுக்கு நினைவு வந்ததும் சோறு இறங்கவில்லை. நமக்குக் கைதட்டல் கிடைக்கிறது.

உஹதில் தந்தையை இழந்த ஜாபிர் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். அப்போது அவர்களும் இளைஞர்தான். தந்தை ஷஹீத் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை, நாயகமே சொல்லிவிட்டார்கள். அந்தச் சிறப்பைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. தந்தை விட்டுச்சென்ற கடன் இருந்தது. கடன் கொடுத்தவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். பேரீச்சம்பழத்தை வகைவகையாகக் குவித்து வைக்கச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள், தாமே வந்திருந்து அதிலிருந்து கடன் முழுவதையும் அளந்து கொடுக்கச் செய்தார்கள். பழம் குறையவேயில்லை. அடுத்து, தந்தை விட்டுச்சென்ற பெண்மக்கள், ஜாபிரின் சகோதரிகள். அறிவிப்புகளில் ஏழு என்றும் ஒன்பது என்றும் வருகிறது. ஜாபிர் அவர்கள் திருமணம் செய்தபோது கன்னிப் பெண்ணைத் தேடாமல், முன்பு மணமாகியிருந்த பெண்ணை மணந்தார்கள். ஏனென்று அண்ணலார் கேட்க, என் சகோதரிகளுக்குத் தலைவாரிவிட்டு அவர்களைப் பராமரிக்கக்கூடியவள் வேண்டும், அவர்களைப் போன்ற ஒரு சிறுமியை அவர்களோடு கொண்டுவந்து சேர்க்க நான் விரும்பவில்லை என்று சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதைச் சரி என்றார்கள்.

இந்த நாளில் மாண்ட சிப்பாயின் வீட்டில் முதலில் எழும் பேச்சு எது என்பதை நான் பார்த்திருக்கிறேன். அரசு தரும் தொகை யாருக்கு, மனைவிக்கா, தாய்க்கா, அது வாரிசுப் பங்கில் சேருமா என்பதுதான். கேட்கவேண்டிய கேள்விதான், தக்க ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அவன் வைத்துப்போன கடன், நிறைவேற்றாத நேர்ச்சை, யாரிடமாவது வாங்கித் திருப்பாத பொருள் இவற்றைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது, வந்தால்.

மறுநாள் அஸருக்குப் பின் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். வாசல் திண்ணையில் உட்கார்ந்து, கடன் மன்னிக்கப்படாது உம்மா, கொடுத்துவிடவேண்டும், அல்லது அவராக மனமொப்பி விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். ஜனாஸா அன்று ஷஹீத் என்று நான் சொன்னது என் அளவை மீறிய சொல், இனி அல்லாஹ் அவனை ஷஹீதாக ஏற்றுக்கொள்வானாக என்று கேட்கிறேன் என்றும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் கேக்குற துஆவுக்கு வேலை இருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

தையல்காரரிடம் என்னையும் உடன் வரச் சொன்னார். முடிச்சவிழ்த்துப் பணத்தை மேசைமேல் வைத்தார். தையல்காரர் வேண்டாம் உம்மா, நான் அன்றைக்கே மனதார விட்டுவிட்டேன், நாட்டுக்காக உயிரைக் கொடுத்த பிள்ளையிடம் கூலி வாங்குவதா என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் சொன்னது உண்மைதான், முகத்தில் தெரிந்தது. மார்க்கப்படி அதோடு கடன் தீர்ந்துவிட்டது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அவன் தாரேன்னு சொல்லிட்டுப் போனான் அண்ணே" என்றார் அந்தத் தாய்.

தையல்காரர் என்னைப் பார்த்தார். பிறகு நோட்டுகளை எடுத்து எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணினார். சரியாக இருக்கிறது என்றார். பழைய பற்றுச் சிட்டையைத் தேடி எடுத்து, அந்தப் பெயருக்கு நேரே கோடு இழுத்து, அவரிடம் காட்டினார்.